மூன்று துளைகளை நம்பலாமா?

விலை மலிவான ரைபிள் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் சொந்தக்காரர் பழைய குழலைக் கழற்றிவிட்டுப் புதுக் குழல் ஒன்றைப் பொருத்துகிறார். 50 மீட்டர் தூரத்தில் ஒரு காகித இலக்கை நிறுத்தி மூன்று முறை சுடுகிறார். மூன்று துளைகளும் 16 மி.மீ. அகலத்துக்குள் விழுந்துவிடுகின்றன. போன வாரம் பழைய குழலில் இதே போல மூன்று முறை சுட்டபோது துளைகள் 30 மி.மீ. அகலத்துக்குப் பரவியிருந்தன. “பார்த்தீர்களா, துல்லியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிட்டது! கொடுத்த காசு வீண் போகவில்லை” என்கிறார் அவர்.

அவர் சொல்வது சரிதானா? உங்களைத் தீர்ப்புச் சொல்லக் கூப்பிட்டால் என்ன சொல்வீர்கள்?

அவசரப்பட வேண்டாம். இந்தச் சிறிய கேள்விக்குள் பௌதிகமும் இருக்கிறது, கணிதமும் இருக்கிறது. விடையைத் தேடிப் போனால், துப்பாக்கிக்குச் சிறிதும் சம்பந்தமில்லாத பல இடங்களில் நாம் ஏமாறாமல் இருக்கவும் கற்றுக்கொள்ளலாம்.

குழல் என்ன செய்கிறது?

நாம் எடுத்துக்கொள்வது ‘பாயின்ட் டூ டூ’ ரைபிள். தேசிய மாணவர் படையில் சேர்ந்த நண்பர்கள் இதைத் தொட்டிருப்பார்கள்; 25 கஜ தூர இலக்கில் படுத்தபடி சுட்டுப் பழகியிருப்பார்கள். குழலின் உள்விட்டம் ஏறக்குறைய ஓர் அங்குலத்தில் நூற்றில் 22 பங்கு என்பதால் இந்தப் பெயர். இவ்வகையில் மலிவான ரைபிள்கள் பல உண்டு. அமெரிக்காவில் 1964-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த ரூகர் 10/22 என்பது மிகவும் பிரபலமானது. அதன் குழலை இரண்டே திருகுகள்தாம் பிடித்திருக்கின்றன. திருகுகளைக் கழற்றினால் குழல் தனியே வந்துவிடும். ஆகவே அந்நாட்டில் குழலை மாற்றிப் பார்ப்பது பலருக்கு ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது.

குழலின் உட்சுவர் வழவழப்பாக இராது. அதில் சுருள் வடிவில் வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். ஈயக் குண்டு இப்பள்ளங்களில் கவ்விப் பிடித்தபடி முன்னேறுவதால் சுழலத் தொடங்குகிறது. இவ்வகை ரைபிளில் பள்ளங்கள் வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று சுற்றும். 16 அங்குலம் என்றால் ஏறக்குறைய 0.406 மீட்டர். குண்டு வினாடிக்குச் சுமார் 325 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. 325-ஐ 0.406-ஆல் வகுத்துப் பாருங்கள். வினாடிக்கு 800 சுற்றுகள்! சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பது போல, சுழலும் குண்டும் தலை குப்புறக் கவிழாமல் முனை முன்னோக்கியபடியே பறக்கிறது.

குழல் நல்ல குழலாக இருக்க வேண்டுமானால் துவாரம் முழு நீளத்துக்கும் ஒரே சீராக இருக்க வேண்டும். குழலின் வாய் விளிம்பில் சிறு நெளிவும் இருக்கக் கூடாது. இருந்தால், குண்டு வெளியேறும் கணத்தில் வாயு ஒரு பக்கமாக முந்திக்கொண்டு வந்து குண்டின் அடிப்பாகத்தைத் தள்ளிவிடும். வெடிக்கும்போது குழல் அதிர்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான ஒரு குழலின் நுனி 0.14 மி.மீ., அதாவது நோட்டுப் புத்தகத்தின் இரண்டு தாள்களின் கனம் அளவுக்கு நகர்ந்தால் போதும். குழலின் திசை ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு திரும்பிவிடும். அதனால் 50 மீட்டரில் குண்டு 14.5 மி.மீ. தள்ளிப் போய் விழும்.

சிதறல் எங்கிருந்து வருகிறது?

ஆனால் குழல் மட்டுமே குற்றவாளி அன்று. தோட்டாவையும் விசாரிக்க வேண்டும்.

குண்டு 50 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 0.16 வினாடி ஆகிறது. அந்த நேரத்தில் புவியீர்ப்பு அதை எவ்வளவு கீழே இழுக்கும்? விழும் பொருளின் சூத்திரம் உங்களுக்குத் தெரியும்: புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதியை நேரத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். போட்டுப் பார்த்தால் 12.5 செ.மீ. வருகிறது. குறிபார்க்கும் கருவியை இதற்கென்று சரிப்படுத்தி வைத்திருப்பார்கள். சரி, ஒரு தோட்டாவில் வெடிமருந்து இம்மியளவு குறைந்து, குண்டின் வேகம் 3 சதவீதம் குறைந்துபோனால்? பறக்கும் நேரம் 3 சதவீதம் கூடும். நேரத்தின் வர்க்கம் 6 சதவீதம் கூடும். குண்டு 7 அல்லது 8 மி.மீ. தாழ்ந்து விழும். குழல் எவ்வளவு உயர்ந்ததானாலும் இதைத் தடுக்க முடியாது.

இவை தவிர, காற்று வீசுகிறது. சுடுபவரின் மூச்சும் நாடித்துடிப்பும் துப்பாக்கியை அசைக்கின்றன. ஆகவே ஒரே துப்பாக்கியை ஒரே புள்ளிக்குக் குறிவைத்து எத்தனை முறை சுட்டாலும் எல்லாக் குண்டுகளும் ஒரே துளை வழியே போவதில்லை. இப்படி விழும் துளைகளின் கூட்டத்தைத்தான் ‘குரூப்’ என்கிறார்கள்.

ஒரு விஷயத்தை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். குரூப் நெருக்கமாக இருந்து, ஆனால் இலக்கின் மையத்தை விட்டு ஓரத்தில் விழுந்தால் கவலையில்லை. குறிபார்க்கும் கருவியைச் சற்றுத் திருகினால் குரூப் அப்படியே மையத்துக்கு நகர்ந்துவிடும். பரந்து கிடக்கும் குரூப்பை எந்தத் திருகாலும் சுருக்க முடியாது. எனவே குழலைச் சோதிப்பவர் அளக்க வேண்டியது சிதறலைத்தான்.

மூன்று குண்டுகளின் மாயம்

சிதறலை எப்படி அளப்பது? மிகத் தொலைவில் உள்ள இரண்டு துளைகளுக்கு இடையே அளவுகோலை வைப்பது எளிய வழி. ஆனால் இதில் ஒரு சூழ்ச்சி ஒளிந்திருக்கிறது. குண்டுகளின் எண்ணிக்கை கூடக் கூட இந்த அளவும் வளரும்! பத்துக் குண்டு குரூப்புகள் சராசரியாக 38 மி.மீ. இருக்கும் ஒரு ரைபிளை எடுத்துக்கொள்ளுங்கள். அதே ரைபிளில் ஐந்து குண்டு குரூப்புகளின் சராசரி 31 மி.மீ.தான், மூன்று குண்டானால் 24, இரண்டு குண்டானால் 18. துப்பாக்கி மாறவில்லை, குழலும் மாறவில்லை. “என் ரைபிளின் குரூப் 24 மி.மீ.” என்று ஒருவர் பெருமையடித்துக்கொண்டால், “எத்தனை குண்டில்?” என்று கேட்க மறக்காதீர்கள்.

இதைவிடப் பெரிய மாயம் வேறொன்று. 24 மி.மீ. என்பது சராசரி மட்டுமே. மூன்று குண்டு குரூப்புகளைச் சுட்டுக்கொண்டே போனால், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குரூப்புகள் 15 மி.மீ. முதல் 33 மி.மீ. வரை எங்காவது விழும். மீதி அதற்கும் அப்பால்! இப்போது நம் நண்பரின் எண்களை மறுபடி பாருங்கள்: 30, 16. இரண்டுமே ஒரே குழல் தரக்கூடிய எண்கள். அவர் குழலை மாற்றாமலே இருந்திருந்தாலும் இதே முடிவு வந்திருக்கலாம்.

நீங்களே செய்து பாருங்கள்

இதைச் சோதிக்கத் துப்பாக்கி வேண்டாம். நம் நாட்டில் அதற்கு உரிமமும் வேண்டும். ஒரு கோலிக்குண்டு, ஒரு கார்பன் தாள், ஒரு வெள்ளைத் தாள் போதும். வெள்ளைத் தாளின் நடுவே ஒரு புள்ளியிட்டுத் தரையில் வையுங்கள். அதன் மேல் கார்பன் தாளை மை படும் பக்கம் கீழாக வைத்து, அதே புள்ளிக்கு நேரே கார்பனின் முதுகிலும் ஒரு குறியிடுங்கள். நின்றபடி மார்பு உயரத்திலிருந்து அந்தக் குறியைப் பார்த்துக் கோலியைப் போடுங்கள். அது துள்ளி மறுபடி விழுமுன் பிடித்துவிடுங்கள். கார்பனைத் தூக்கி, விழுந்த புள்ளிக்கு 1 என்று எண்ணிடுங்கள். இப்படி 30 முறை.

இப்போது 1, 2, 3 ஆகிய புள்ளிகளை ஒரு குரூப்பாகவும், 4, 5, 6 ஆகியவற்றை அடுத்த குரூப்பாகவும் கொண்டு பத்து குரூப்புகளையும் அளந்து எழுதுங்கள். மிகச் சிறியது மிகப் பெரியதில் பாதிகூட இல்லாமல் இருப்பதைப் பெரும்பாலும் காண்பீர்கள். கை அதே கை, கோலி அதே கோலி. மிகச் சிறிய குரூப்பை மட்டும் வெட்டியெடுத்து ஒரு நண்பரிடம் காட்டினால், உங்கள் கை எவ்வளவு உறுதியானது என்று அவர் வியந்துபோவார்!

எல்லாத் துளைக்கும் வாக்குரிமை

சரி, நேர்மையான அளவு எது? ஒரு கணக்குப் போடுவோம். இலக்கின் இடது ஓரத்திலிருந்தும் கீழ் ஓரத்திலிருந்தும் ஐந்து துளைகளின் தூரங்கள் மி.மீ.-இல் இவை: (23, 24), (12, 26), (25, 8), (20, 22), (20, 20).

முதல் எண்களின் சராசரி 20. இரண்டாம் எண்களின் சராசரியும் 20. ஆகவே குரூப்பின் மையம் (20, 20). இனி ஒவ்வொரு துளையும் மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று பிதாகரஸ் தேற்றத்தால் காணுங்கள். முதல் துளை பக்கவாட்டில் 3, மேலே 4. ஆகவே தூரம் 5. இரண்டாவது 8, 6, தூரம் 10. மூன்றாவது 5, 12, தூரம் 13. நான்காவது 2. ஐந்தாவது மையத்திலேயே இருக்கிறது, 0. ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் 6 மி.மீ. இதற்குச் சராசரி ஆரம் என்று பெயர்.

பழைய முறையில் அளந்தால் இந்த குரூப்பின் அகலம் 22 மி.மீ. அந்த எண்ணைத் தீர்மானித்தவை இரண்டாம், மூன்றாம் துளைகள் மட்டுமே. மற்ற மூன்று துளைகளைச் சற்று இப்படி அப்படி நகர்த்தினாலும் அந்த எண் மாறாது. சராசரி ஆரத்திலோ ஒவ்வொரு துளைக்கும் ஒரு வாக்கு உண்டு. செலவழித்த எந்தத் தோட்டாவும் வீணாவதில்லை.

சராசரி ஆரத்தையும் எவ்வளவு நம்பலாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 5 குண்டுகளில் கண்ட விடை ஏறக்குறைய 25 சதவீதம் இப்படியோ அப்படியோ பிசகியிருக்கலாம். 10 குண்டுகளில் 17 சதவீதம். 25 குண்டுகளில் 10 சதவீதம். 100 குண்டுகளில் 5 சதவீதம். பிழையைப் பாதியாக்கக் குண்டுகளை நான்கு மடங்காக்க வேண்டும் என்பதைக் கவனித்தீர்களா? இயற்கை இந்த விஷயத்தில் கறார் வியாபாரி.

பாயின்ட் டூ டூ தோட்டாக்கள் பெரும்பாலும் 50 கொண்ட பெட்டியாகக் கிடைக்கும். பழைய குழலுக்கு 25, புதியதற்கு 25 என்று பங்கிடுவோம். ஒவ்வொன்றிலும் 10 சதவீதப் பிழை. இரண்டையும் ஒப்பிடும்போது பிழை 14 சதவீதம். அதைப் போல இரு மடங்கு, அதாவது 28 சதவீத வித்தியாசம் வரைகூடத் தற்செயலாகவே வந்துவிடலாம். அதைத் தாண்டினால்தான் குழலுக்குப் புகழ் சேரும்.

மலிவுத் தோட்டாவும் நல்ல குழலும்

இங்கேதான் பலர் தடுக்கி விழும் இடம் வருகிறது. பழைய குழலால் மட்டும் ஏற்படும் சிதறல் 6 மி.மீ. என்றும், மலிவான தோட்டாவால் ஏற்படுவது 8 மி.மீ. என்றும் கொள்வோம். மொத்தச் சிதறல் 14 ஆகாது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சிதறல்கள் வர்க்கங்களாகக் கூடும்: 36-உம் 64-உம் சேர்ந்து 100, அதன் வர்க்கமூலம் 10 மி.மீ. மறுபடியும் பிதாகரஸ்தான்!

புதுக் குழல் தன் சிதறலைப் பாதியாக, 3 மி.மீ.-ஆகக் குறைத்துவிட்டது என்று வையுங்கள். இப்போது 9-உம் 64-உம் சேர்ந்து 73, மொத்தம் 8.5 மி.மீ. குழல் இரண்டு மடங்கு மேம்பட்டும் இலக்கில் தெரிவது 15 சதவீத முன்னேற்றம் மட்டுமே. 25 குண்டுகளில் இது கண்ணுக்கே படாது. ஒவ்வொரு குழலிலும் 100 சுட்டாலும் இழுபறிதான்.

அதற்குப் பதிலாக, 3 மி.மீ. மட்டும் சிதறும் உயர்ந்த தோட்டாவை இரண்டு குழலிலும் பயன்படுத்தினால்? பழைய குழலில் மொத்தம் 6.7 மி.மீ.; புதியதில் 4.2 மி.மீ. வித்தியாசம் 37 சதவீதம்! 25 குண்டுகளிலேயே பளிச்சென்று தெரிந்துவிடும். குண்டுகளைக் கூட்டுவது ஒரு வழி; நாம் அளக்க விரும்பாத சிதறல்களைக் குறைப்பது அதைவிடச் சிறந்த வழி. துப்பாக்கியைக் கையில் பிடிக்காமல் மேசைமேல் மணல் மூட்டையில் கிடத்திச் சுடுவதும் இதற்காகத்தான்.

மற்ற விதிகளும் இதே நியாயத்திலிருந்து பிறப்பவை. இரண்டு குழலுக்கும் ஒரே பெட்டித் தோட்டா வேண்டும். குழலைத் தவிர வேறெதையும் மாற்றக் கூடாது. பழையதைப் போன வாரமும் புதியதை இந்த வாரமும் சுட்டால் வெயிலும் காற்றும் மாறிப்போயிருக்கும். எனவே பழையது, புதியது, மறுபடி புதியது, கடைசியில் பழையது என்று ஒரே நாளில் மாற்றி மாற்றிச் சுட வேண்டும். தள்ளிப் போய் விழுந்த துளையை, “அது ஏதோ கை தவறிவிட்டது” என்று கணக்கிலிருந்து நீக்கக் கூடாது. துடைத்த குழலில் முதல் சில குண்டுகளைச் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தால், அதைச் சுடுவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். துளைகளைப் பார்த்த பிறகு அன்று.

ராணியின் ஒரு குண்டு

சரித்திரத்தில் இப்படி ஒரு பெரிய குழல் சோதனை நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற பொறியாளர் ஜோசப் விட்வொர்த், காற்றின் தொல்லை இல்லாமல் சோதிப்பதற்காக 500 கஜ நீளத்துக்கு ஓர் அடைத்த கூடமே கட்டினார். வழியெங்கும் மெல்லிய காகிதத் திரைகளை நிறுத்திக் குண்டின் பாதையை ஆராய்ந்தார். கடைசியில் அறுகோண வடிவத் துவாரம் கொண்ட புதுக் குழலை உருவாக்கினார். 1857-இல் அது அந்நாட்டு ராணுவத்தின் என்ஃபீல்டு ரைபிளோடு போட்டியிட்டது. 500 கஜ தூரத்தில் என்ஃபீல்டின் சராசரி விலகல் 2.24 அடி, விட்வொர்த் ரைபிளுக்கு 0.37 அடி. ஆறு மடங்கு வித்தியாசம்! இதில் தற்செயலுக்கு இடமே இல்லை. ஆயினும் விலை அதிகம், குறுகிய குழலில் வெடிமருந்துக் கரி விரைவில் அடைத்துக்கொள்கிறது என்ற காரணங்களால் ராணுவம் அதை ஏற்கவில்லை.

1860 ஜூலையில் விம்பிள்டனில் நடந்த துப்பாக்கிப் போட்டியை விக்டோரியா மகாராணி தொடங்கி வைத்தார். தாங்கியில் அசையாமல் பொருத்தப்பட்ட விட்வொர்த் ரைபிளின் விசையை ஒரு பட்டுக் கயிற்றால் இழுத்தார். 400 கஜ தூரத்தில் குண்டு மையத்திலிருந்து ஒன்றேகால் அங்குலத்தில் பாய்ந்தது. கூடியிருந்தவர்கள் வியந்தார்கள். நீங்கள் அங்கே இருந்திருந்தால் எதை நம்பியிருப்பீர்கள்? ராணியின் ஒரு குண்டையா, 1857-ஆம் ஆண்டின் சராசரியையா? ரைபிளின் தரத்தை நமக்குச் சொல்வது சராசரிதான். ராணியின் குண்டு ஒரு நல்ல வேடிக்கை, அவ்வளவே. போட்டிகளிலும் இதே நியாயம்தான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது தகுதிச் சுற்றில் 60, இறுதிச் சுற்றில் 10, ஆக 70 முறை சுட்ட பிறகு.

துப்பாக்கிக்கு வெளியே

சில முயற்சிகளை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் முடிவு சொல்லலாம் என்ற கேள்வியைக் கணிதத்தில் தீர்த்து வைத்தவர்களில் முக்கியமானவர் வில்லியம் கோசெட். டப்ளின் நகரில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்தவர். அங்கே சில மாதிரிகளை மட்டும் சோதித்துப் பார்லியின் தரத்தை அறிய வேண்டியிருந்தது. 1908-இல் அவர் தம் கட்டுரையைச் சொந்தப் பெயரில் வெளியிடவில்லை. வைத்துக்கொண்ட புனைபெயர் என்ன தெரியுமா? ‘ஸ்டூடண்ட்’, அதாவது மாணவர்!

புதுக் குழலை நம்பி ஏமாந்தால் நஷ்டம் ஒருவரின் காசோடு போயிற்று. ஆனால் இதே தவறு வேறு உடைகளிலும் வரும். “இந்த உரத்தைப் போட்டேன், மூன்று செடி செழித்தது” என்பார் ஒருவர். “இந்த மருந்தைச் சாப்பிட்டேன், மூன்று பேருக்குக் குணமாயிற்று” என்பார் இன்னொருவர். அவர்கள் பொய் சொல்வதாக நினைக்க வேண்டியதில்லை. மூன்று துளைகளைப் பார்த்தவர்கள் அவர்கள். எத்தனை முறை சோதித்தீர்கள், வேறு எதுவும் மாறவில்லையா, சரிவராதவற்றையும் எண்ணினீர்களா என்று மூன்று கேள்விகளை நீங்கள் கேளுங்கள்.

நம் ரைபிள்காரருக்கு இப்போது நீங்களே பதில் சொல்லலாம்: “புதுக் குழல் நன்றாகவே இருக்கலாம், ஐயா. ஆனால் அதை இன்னும் நீங்கள் காட்டவில்லை. ஒரு பெட்டி நல்ல தோட்டா வாங்கி வந்து, பாதி அதற்கு, பாதி இதற்கு என்று சுட்டுப் பாருங்கள்.”